அலாரத்தின் ஓங்காளம்

இடப்பக்கமாகக் கால்வட்டம் திருகியதும் அது சுகிர்தாவின் கழுத்தில் சத்தி எடுத்தது.

வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கி, நெஞ்சின் நடுவால் வழிந்து, இடுப்பில் வந்து தேங்கியபோதும் அவள் கையை எடுக்கவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவாள். ஒரு கால் குட்டையான கதிரை அவளுக்குக் கீழே டக் டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. கூரையில் ஒட்டியிருந்த அந்த வட்டமான பிளாஸ்ரிக் அலாரம் இன்னொரு தரம் குலுங்கி, தொண்டையைச் செருமி, மிச்சத்தையும் அவளுடைய நெற்றியில் விட்டுவிட்டு ஓய்ந்தது.

“என்னப்பா சத்தம்?” என்று பக்கத்து அறைச் சோபாவிலிருந்து கேட்டான் அவளுடைய கணவன் ரூபன்.

“உங்கட அலாரம் சத்தி எடுக்குது.”

“கார்ப்பெற்றில பட்டதோ?”

“என்ர மூஞ்சையில பட்டிருக்கு.”

“அது கழுவலாம். கார்ப்பெற் எண்டால்தான் கரைச்சல்.”

“கதிரையை ஒருக்காப் பிடியுங்கோ எண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான்?”

“வாறன் எண்டு சொன்னனான்தானே.”

அவன் வரவில்லை. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானாகவே இறங்கி, குளியலறைக்குப் போய், சவர்க்காரம் போட்டுக் கழுத்தையும் நெஞ்சையும் தேய்த்தாள். பித்தத்தின் புளித்த மணம் போகவில்லை. அது நாக்கின் அடியிலும் போய் ஒட்டியிருந்தது.

ஸ்காபரோவில் இருந்த அந்த வீட்டில் மூன்று அலாரங்கள். மேல்மாடியில் படுக்கையறை வாசலில் ஒன்று, நடுத்தட்டில் குசினிக்கு வெளியே ஒன்று, பேஸ்மென்ற் என்கிற நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒன்று. மூன்றும் வீடு கட்டியபோதே மின்சாரக் கம்பியில் மாட்டப்பட்டவை; சுவருக்குள்ளால் ஓடுகிற ஒரு சிவப்புக் கம்பி மூன்றையும் ஒன்றாகக் கோத்திருந்ததால் ஒன்று கத்தினால் மற்ற இரண்டும் கத்தும். புகைக்கும் கத்தும், மணமும் நிறமும் இல்லாமல் வந்து நித்திரையிலேயே ஆளை முடித்துவிடுகிற காபன் மொனொக்சைட்டுக்கும் கத்தும். வெள்ளையாக வந்தவை பழம் பல்லின் நிறத்துக்கு மாறியிருந்தன. இன்ன திகதிக்குப் பிறகு நம்பாதீர்கள் என்று அவற்றின் விளிம்பில் அச்சடித்திருந்தது. அந்தத் திகதி போய்க் கனகாலம். சுகிர்தா புதிதாக மூன்று வாங்கிக் குளிர்ப்பெட்டிக்கு மேல் பெட்டியோடு அடுக்கி வைத்திருந்தாள். ரூபன் மாட்டுவான் மாட்டுவான் என்று பார்த்து அலுத்த பிறகுதான் தானே கதிரையில் ஏறினாள்.

பேஸ்மென்ற் அலாரத்தின் தலையில் ஒரு சொப்பிங் பை கட்டியிருந்தது. அந்தத் தெருவில் எங்கள் ஆட்களின் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். மேலே பொரித்தால் குளிருக்குப் போடுகிற ஜக்கெற் எல்லாம் மணக்கும், அந்த மணத்தோடு வேலைக்குப் போனால் வெள்ளைக்காரர் மூக்கைச் சுளிப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேஸ்மென்ற்றில் இரண்டாவது அடுப்பு ஒன்று வைத்து, மீன் பொரிப்பதையும் மிளகாய் வறுப்பதையும் அங்கே தள்ளியிருந்தார்கள். வறுத்தால் அலாரம் கத்தும். கத்தினால் வீடு முழுக்கக் கத்தும். ஆகவே யாராவது ஒருவர் கதிரையில் ஏறி அதன் முகத்தில் ஒரு பையைப் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள், முடிந்ததும் கழற்ற வேண்டும் என்று நினைப்பார்கள், பிறகு அந்த நினைப்பையும் அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்து சாப்பிடுவார்கள். ரூபன் கட்டிய பையில் கடையின் பெயர் எண்ணெய்ப் புகையில் அழிந்துபோயிருந்தது.

அந்தப் பைக்குக் கீழே, ஃபேர்னஸ் அறையின் மெல்லிய சுவரோடு கட்டிலைப் போட்டு, அமலதாஸ் என்ற மன்னார்ப் பெடியன் வாடகைக்கு இருந்தான். கோழி வெட்டிப் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. எவ்வளவு குளித்தாலும் அவனில் பச்சைக் கோழித் தோலின் மணம் மெல்லியதாக இருந்தது. அதனால் அவன் பக்கக் கதவால் மட்டும் வந்து போனான். அப்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை, ஆனால் அவனுக்கு விளங்கியிருந்தது. ஃபேர்னஸ் பழசு, அலாரமும் பழசு, இடையில் ஒருத்தன் படுத்துக் கிடக்கிறான் என்ற யோசனைதான் சுகிர்தாவைக் கதிரையில் ஏற்றியது.

அன்றிலிருந்து அது ஓயவில்லை. மேல்மாடியும் நடுத்தட்டும் ஒரே நேரத்தில் ஓங்காளித்தன: இரண்டு சின்னது, ஒரு நீண்டது, பிறகு ஒரு முனகல், பிறகு கீழே சொட்டுகிற சத்தம். தேத்தண்ணி குடிக்கும்போது ஓங்காளித்தன. ரூபன் தொலைக்காட்சியில் கிரிக்கெற் பார்க்கும்போது ஓங்காளித்தன. அவன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரூபனின் தமக்கை பரமேசு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே ஒரு காலில் நின்றாள். நின்று, கேட்டு, நெஞ்சில் கை வைத்து, “அப்பா,” என்றாள்.

“மச்சாள், அது அலாரம்,” என்றாள் சுகிர்தா.

“எனக்குத் தெரியும் அது அலாரம் எண்டு. அதுக்குள்ள ஆர் எண்டுதான் சொல்லுறன்.” பரமேசுவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஒரு வருசமாகுது, ஆட்டைத்திவசம் கிட்டுது. பசியோட வந்திருக்கிறார். ஐயோ, சாகேக்க ஒரு வாய் தண்ணி நிண்டுதே அந்த மனுசனுக்கு!”

மாமனார் இளையதம்பி போன வருடம் இந்த வீட்டில்தான் வயிற்றில் கட்டி வந்து இறந்தார். கடைசி மாதங்கள் முழுக்கச் சத்தி. நீலப் பேசினை அவருடைய நாடிக்குக் கீழே பிடித்தவள் சுகிர்தா. பரமேசு வாரக்கடைசிகளில் வந்து, அறை வாசலில் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போவாள். அவருடைய சத்தியை சுகிர்தா இருட்டிலும் அடையாளம் சொல்லுவாள்: அது கறுப்பு, கோப்பி மண்டி போல, வருமுன் சத்தம் வராது, ஒரு விக்கல் மட்டும் வரும். இது மஞ்சள். இது வெறும் வயிற்றின் சத்தி. வயதில்லாத ஒரு தொண்டையின் சத்தம்.

“இது மாமாவின்ர இல்லை,” என்றாள்.

“நீர் அப்பாவைப் பாத்தது உண்மைதான் சுகிர்தா. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்காக அவர் எந்தச் சத்தத்தில வரவேணும் எண்டதையும் நீரே முடிவெடுக்கிறதோ?”

கதை தெருவில் பரவியது. வந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிற மாதிரி, குளிர் ஜக்கெற்றுகளைக் கட்டிலில் குவித்துவிட்டு, கையில் ஏதாவது கொண்டு வந்தார்கள். தேசிக்காயை வெட்டி அலாரத்தின் துளைகளில் தேய்த்தார்கள். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார்கள். மருத்துவம் படிக்கிற மகன் உள்ள ஒருவர் அவனைக் கூட்டி வந்தார். அவன் ஃபோன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, “நீர்ச்சத்துக் குறைஞ்சிருக்கு,” என்றான். அன்றிலிருந்து பரமேசு கதிரையில் ஏறி, தயிரும் சோறும் குழையப் பிசைந்து, விரலால் வழித்து, துளைத் துளையாக அதற்கு ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது பருக்கையோடு திரும்பி வந்தது. “பாத்தீங்களே, ரெண்டு வாய் உள்ளுக்குப் போட்டுது,” என்றாள்.

கார்ப்பெற்றைக் காப்பாற்ற ரூபன் ஒரு வழி கண்டுபிடித்தான். நிலவறைப் பெட்டிகளைக் கிளறி அதே நீலப் பேசினை எடுத்து வந்து நாலு கயிறு கட்டி அலாரத்துக்குக் கீழே தொங்கவிட்டான். அது நிறைய நிறைய வெளியே ஊற்றுவது சுகிர்தாவின் வேலையாயிற்று. ஒருநாள் அவள் ஊற்றப் போனபோது பேசின் வெறுமையாக இருந்தது. மகன் சோதனை எழுதப் போகிறான் என்று ஒருத்தி சின்னப் போத்திலில் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். மற்ற வீடுகளில் இருந்தவர்களுக்குப் பொறாமை. தங்கள் தங்கள் பேஸ்மென்ற்றுகளில் பை கட்டிய அலாரங்களைத் தும்புத்தடியால் தட்டிப் பார்த்தார்கள்; செத்துப்போன தகப்பன்மார் ஒரு சின்னச் செருமல்கூடச் செருமாததைக் கண்டு மனம் நொந்து, “எங்கட ஐயாவுக்கு எப்பவும் பெரியண்ணை வீடுதான்,” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சுகிர்தாவுக்கு வந்தது பயம் அல்ல. அருவருப்பு, அரியண்டம். பேசினைப் பார்த்தால் அரியண்டம், பேசினைக் கும்பிடுகிற கையைப் பார்த்தால் அதைவிட அரியண்டம். உயிரோடு சத்தி எடுத்தபோது இந்த மூக்குகள் எல்லாம் எங்கே இருந்தன என்று நினைத்துக்கொண்டு அவள் மாடிப்படியைத் துடைத்தாள். துடைத்த துணியைத் துவைத்தாள். துவைத்த கையை மணந்து பார்த்தாள்.

குப்பை வைக்கப் போன ஒரு காலையில் பக்கக் கதவோரம் அமலதாஸ் பனியில் குனிந்து நின்றான். அவனுக்கு முன்னால் வெள்ளையில் ஒரு மஞ்சள் வட்டம்.

“என்ன தம்பி?”

“ஒண்டுமில்லை அக்கா. தலையிடி. விடியவிடிய வருது, சத்தியும் வருது.” அவன் காலால் பனியைத் தள்ளி அதை மூடினான். “வெளியில வந்து கொஞ்சம் நிண்டால் சுகமாயிடும்.”

“டொக்டரிட்டப் போனனீரே?”

“லீவு தரமாட்டாங்கள்.”

“அந்தப் பையைக் கழட்டி விடட்டே?”

“ஐயோ வேண்டாம் அக்கா!” அவன் உண்மையாகவே பதறினான். “போன முறை சோத்து ஆவிக்கே கத்தினது. அண்ணை இறங்கி வந்து நல்லா ஏசிப்போட்டார். மேல ஆக்கள் வந்து போற நேரம்.”

வெளியில் வந்தால் சுகம் என்ற சொல் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது. கதிரையை எடுக்க மேலே போனாள். கதிரையில் பரமேசு நின்று தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் ரூபனிடம் சொன்னாள். “கீழ அந்தப் பெடியனுக்கும் சத்தி. ஃபேர்னஸ்காரனைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டி நான் எல்லாத்தையும் கழட்டிப் புதுசு மாட்டப் போறன்.”

“அவன் கோழி ஃபக்ரரியில வேலை. வெள்ளிக்கிழமையில குடிப்பான். சத்தி எடுக்காமல் தேவாரமே பாடுவான்?”

“அவன் குடிக்கிறேல்லை.”

“நீ மணந்து பாத்தனியே?” ரூபன் சிரித்தான். பிறகு தணிந்து, “இஞ்ச பார். இப்ப கழட்டினால் அக்கா செத்தவீடு மாதிரிக் குழறுவா. சனம் எல்லாம் வந்து போகுது. ஆட்டைத்திவசம் முடியட்டும். அடுத்த நாளே நான் ஏணி வைச்சு ஏறுறன்.”

பேசின் நிறைந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனாள்.

திவசத்தன்று வீடு கொள்ளாத சனம். விடியவே பேஸ்மென்ற் அடுப்பில் வடையும் வாழைக்காயும் பொரித்து மேலே ஏற்றினார்கள். அமலதாஸ் உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான், அந்தக் கதவைத் தாண்டித் தாண்டித் தாச்சிகள் போயின. வெளியே குளிர் கடுமை என்று ஃபேர்னஸை முழுவதுமாகக் கூட்டி, யன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் தலையிடி. விரதம் என்றார்கள். ஐயர் மந்திரத்தை இரண்டு தரம் பிழைவிட்டுத் திரும்பச் சொன்னார்.

நடுத்தட்டு அலாரத்துக்குக் கீழே, பேசினை அவிழ்த்துவிட்டு, தலைவாழையிலை போட்டுப் படைத்திருந்தார்கள். சோறு, பருப்பு, பதினாறு கறி, பாயாசம், நடுவில் இளையதம்பியின் படம். ஐயர் தீபம் காட்டியதும் அலாரம் குலுங்கியது. இரண்டு சின்னது, ஒரு நீண்டது. மஞ்சளாக, நூலாக, அறுபடாமல் இறங்கி, சோற்றின் குவியலில் விழுந்து, பருப்பில் கலந்து, இலையின் நரம்பு வழியே ஓடிப் பாயாசத்தைத் தொட்டது.

“ஏற்றுக்கொண்டிட்டார்!” என்று பரமேசு குழறினாள்.

சனம் கைகூப்பியது. ஒருவர் குனிந்து விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு பரமேசு அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்து உருட்டி, “முதல் பிடி மருமகளுக்கு. நீர்தானே பாத்தனீர்,” என்று சுகிர்தாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

உருண்டை மினுங்கியது. எல்லோரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். சுகிர்தா அந்தக் கையைத் தட்டவில்லை. மெதுவாக விலக்கிவிட்டு, ஆட்களுக்கு இடையால் நடந்து, குளிர்ப்பெட்டிக்கு மேலிருந்த பெட்டிகளைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, மின்சாரத்தை நிற்பாட்டுவதற்காகப் பேஸ்மென்ற் படியில் இறங்கினாள். “எங்க போறாய்?” என்று ரூபன் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. பாதிப் படியில் மேலே அலாரம் மறுபடி ஓங்காளித்தது. இரண்டு சின்னது, ஒரு நீண்டது. கீழேயும் அதே சத்தம். எதிரொலி என்று நின்றாள். மேலே முனகியது; கீழேயும் முனகியது. கீழேதான் ஒரு மூச்சு முந்தியது.

பெட்டிகளைப் படியிலேயே போட்டுவிட்டு அமலதாஸின் கதவைத் தள்ளினாள். அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கவிழ்ந்து கிடந்தான். கன்னத்துக்குக் கீழே மஞ்சள் தண்ணீர். உதடு இரண்டும் விளையாட்டுக்குச் சாயம் பூசியது போலச் சிவந்திருந்தன. அவனுடைய முதுகு எக்கியது. அவன் வாயில் ஒன்றும் வரவில்லை. மேலே, இலையில், சொட்டுகிற சத்தமும் சனத்தின் “அரோகரா”வும் கேட்டன.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் அந்தச் சொப்பிங் பை நிறைமாத வயிறு போல ஊதி, உள்ளே மஞ்சளாகத் தளும்பித் தொங்கியது. எம்பிப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை, பை கிழிந்தது. அத்தனையும் அவள் தலையில் கொட்டியது. கொட்டி முடிந்ததும் அலாரம் ஒரு தரம் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு, கட்டிய நாளிலிருந்து கத்தாமல் வைத்திருந்த அத்தனையையும் கத்தியது. நடுத்தட்டு கத்தியது. மேல்மாடி கத்தியது.

அவனுடைய கமக்கட்டுகளில் கை கொடுத்துப் பக்கக் கதவால் இழுத்துப் பனியில் போட்டாள். முன்வாசலால் சனம் காதைப் பொத்திக்கொண்டு, வெறும் காலுறையோடு, வேட்டியோடு, வடையோடு வெளியே வந்து நின்று, “ஆர் கழட்டினது? ஆர் பையைக் கழட்டினது?” என்று கேட்டது.

தீயணைப்பு வாகனம் வந்தது. முகமூடி போட்ட ஒருவன் கையில் ஒரு கருவியோடு உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்து எல்லோரையும் இன்னும் தள்ளி நிற்கச் சொன்னான். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பெடியன் இல்லை என்றான். மேலே இருந்தவர்களும் வரிசையாகப் போயிருப்பார்கள் என்றான். ரூபன் அதைத் தமிழில் சொல்லும்போது பெடியனைப் பற்றிய பகுதியை மட்டும் சொன்னான். அம்புலன்ஸில் அமலதாஸுக்கு ஒட்சிசன் முகமூடி பூட்டியதும் அவன் அதைக் கொஞ்சம் விலக்கி, “கரைச்சல் தந்திட்டன் அக்கா,” என்றான்.

ஃபேர்னஸ் மாற்றப்பட்டது. அலாரங்களை சுகிர்தா மாட்டினாள். மின்சாரத்தை நிற்பாட்டி, கறுப்போடு கறுப்பும் வெள்ளையோடு வெள்ளையும் சிவப்போடு சிவப்பும் முறுக்கி, மூடி திருகி, பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மூன்றும் கத்தின. சுத்தமான, மனிதச் சாயலில்லாத சத்தம். கழற்றியவற்றைக் குப்பையில் போடப் பரமேசு விடவில்லை. பாலால் கழுவி, சந்தனம் தொட்டு, சாமி அலுமாரியில் இளையதம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அவை பிறகு ஒருபோதும் ஓங்காளிக்கவில்லை. ஆத்மா சாந்தியடைந்துவிட்டது என்று சனம் சொன்னது. ஆடுகிற கதிரை இனி மேலே வேண்டாம் என்று ரூபன் அதைக் கீழே அமலதாஸின் அறைக்குக் கொடுத்துவிட்டான். அமலதாஸ் ஆஸ்பத்திரியால் திரும்பி வந்திருந்தான். வேறு இடம் கிடைக்கவில்லை.

அவன் உயிர் தப்பியதற்காக ஒரு சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று பரமேசு நேர்ந்திருந்தாள். அன்று மத்தியானம் பேஸ்மென்ற் அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. சுகிர்தா மோர்மிளகாய்த் தட்டோடு நின்றாள். அடுப்புக்கு எதிரே திறந்திருந்த கதவுக்கு உள்ளே அமலதாஸ் கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தான். முகம் இன்னும் வெளுப்பு.

“தம்பி, உம்மைக் காப்பாத்தினது ஆர் தெரியுமே?” என்றாள் பரமேசு.

“அக்காதானே இழுத்துக்கொண்டு போனவ,” என்றான் அவன்.

“இழுத்தது அவதான். சொன்னது ஆர்? எங்கட அப்பா. அத்தினை நாளாய் வாய்விட்டுச் சொன்னவர். சாதி சமயம் பாக்காத மனுசன். ஒரு பிறத்தியானுக்காக ஆரப்பா அவ்வளவு சத்தி எடுப்பினம்?”

“ஓம் அன்ரி,” என்றான் அமலதாஸ்.

“அந்தக் கதிரையை ஒருக்கா இஞ்சால போடும்.”

அவன் எழுந்து கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். பரமேசு இழுப்பறையிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து, உதறி விரித்து, கதிரையில் ஏறினாள். மோர்மிளகாயின் புகை பொல்லாதது, இருமி இருமிச் செத்துப்போவோம், பொரிச்சு முடியக் கழட்டுவம் என்று சொல்லிக்கொண்டே, அப்பா கடைசி நாளில் தன்னிடம் என்ன கேட்டார் என்ற கதையையும் விடாமல், புதிய அலாரத்தின் வெள்ளை முகத்தில் பையைப் போட்டு முடிச்சைத் தேடினாள். கதிரை ஆடியது. சுகிர்தா தட்டை அடுப்போரம் வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்து, குட்டைக் காலுக்கு அடியில் தன் பாதத்தின் நுனியைக் கொடுத்து, முடிச்சு இறுகும்வரை அசையாமல் நின்றாள்.